ஒளி சிகிச்சை அறையைப் பூட்டியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கு,

தோல் பிரிவின் கடைசியில் இருந்த ஒளி சிகிச்சை அறையை நீங்கள் பூட்டி இன்றோடு 25 நாள் ஆகிறது. கதவில் ஒட்டிய தாளில் இரண்டே வரி. அறை இனி இயங்காது என்பது ஒன்று. விவரங்களுக்குப் புதிய லேசர் பிரிவை அணுகவும் என்பது இன்னொன்று. அந்த இரண்டாவது வரிதான் என்னை இதை எழுத வைத்தது. முதல் வரி மட்டும் இருந்திருந்தால் பணம் இல்லை, ஆள் இல்லை, ஏதோ ஒரு காரணம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வேறு இடம் தேடியிருப்பேன். பூட்டிய அறைக்கு மாற்று லேசர் பிரிவு என்று எழுதியிருக்கிறீர்கள். அது மாற்று அல்ல. என் மகளைப் போன்ற பிள்ளைக்கு அது கெடுதலாகவே முடியலாம். இதைச் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி ஒன்றுதான்: அந்த அறை வாசல் பெஞ்சில் 41 முறை உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகளுக்கு 11 வயது. வெண்புள்ளி. இரண்டு வருடத்துக்கு முன் வலது முழங்காலில் விரல்நகம் அளவில் தொடங்கியது. அடுத்த மழைக்குள் இரண்டு முழங்காலும், முழங்கைகளும், இடது கண்ணிமையும், சில விரல் நுனிகளும் வெளுத்துவிட்டன. இதை இன்னும் பலர் வெண்குஷ்டம் என்கிறார்கள். குஷ்டத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. கிருமி கிடையாது, தொற்றாது. உடலின் எதிர்ப்பு அணுக்கள், தோலுக்கு நிறம் தருகிற மெலனோசைட் செல்களைத் தவறாகத் தாக்குவதால் வருவது. உங்கள் புறநோயாளிச் சீட்டில் குத்தும் முத்திரையில் இன்றைக்கும் அந்தப் பழைய சொல்தான் இருக்கிறது. விடுப்புக்காக அந்தச் சீட்டைப் பள்ளியில் கொடுக்க வேண்டியிருந்தபோது, முத்திரை விழுந்த பக்கத்தை மடித்து மறைத்துக் கொடுத்தேன். ஒரு மருத்துவமனையின் சீட்டை ஒரு தாய் மடித்துக் கொடுக்க வேண்டிய நிலை வந்திருக்கக் கூடாது.

களிம்புகள் ஒன்பது மாதம். பரவுவது நிற்கவில்லை. அதன்பிறகுதான் உங்கள் தோல் மருத்துவர் எங்களை அந்த அறைக்கு அனுப்பினார். அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டேன். தேதி, எத்தனையாவது சிட்டிங், ஒளியின் அளவு எத்தனை மில்லிஜூல், மறுநாள் தோல் சிவந்ததா, எத்தனை மணி நேரத்தில் அடங்கியது. டெக்னீஷியன் அம்மாதான் இப்படி எழுதச் சொன்னார். "டாக்டர் மாறலாம், நான் மாறலாம், மெஷின்கூட மாறலாம். கணக்கு உங்ககிட்ட இருக்கணும்" என்றார். நான் இனி சொல்லப்போவதில் பாதி அந்த நோட்டிலிருந்து வருவது.

அறையைப் பார்க்காமலேயே அதை மூடும் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். ஆள் நிற்கிற உயரத்துக்கு ஒரு கூண்டு. உள்ளே சுற்றிலும் நீளமான குழல் விளக்குகள். மேலே ஒரு விசிறி. எரியும்போது நீலமும் ஊதாவும் கலந்த வெளிச்சம் கதவு இடுக்கில் தெரியும். அந்தக் குழல்கள் விடுவது 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய, மிகக் குறுகிய பட்டை கொண்ட புற ஊதாக் கதிர். தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸைக் குணப்படுத்தும் அலைநீளம் எது, தோலை வெறுமனே சுட்டுச் சிவக்க வைக்கும் அலைநீளம் எது என்று 1981ல் பாரிஷ், யேனிக்கே என்ற இருவர் பிரித்துக் காட்டினார்கள். சுடுவதை விட்டுவிட்டுக் குணப்படுத்துவதை மட்டும் தரும்படி குழல் செய்யலாம் என்ற வழி அப்படித்தான் திறந்தது. 1997ல் வெண்புள்ளிக்கும் இது பயன்படுகிறது என்று நெதர்லாந்தில் வெஸ்டர்ஹாஃப் குழுவினர் எழுதினார்கள். ஆக, நீங்கள் பூட்டியது பழைய காலத்து விளக்குப் பெட்டியை அல்ல. உலகம் முழுக்க வெண்புள்ளி பரவலாக உள்ளவர்களுக்கு இன்றைக்கும் முதலில் நினைக்கப்படும் சிகிச்சையை.

முதல் நாள் 200 மில்லிஜூல். சில நொடிகள்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போன பிள்ளை, "அவ்வளவுதானா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டுவார்கள். தோல் இலேசாக ரோஜா நிறத்தில் சிவந்து ஒரு நாளுக்குள் அடங்கினால் அதுதான் சரியான அளவு. அடங்காமல் எரிந்தால் குறைக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை, அடுத்தடுத்த நாளில் கூடாது. இமைக்காகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை இறுக மூடி நிற்கும் சில நொடிகள் மட்டும் டெக்னீஷியன் அம்மா வெளியே சத்தமாக எண்ணுவார். மகளும் உள்ளிருந்து கூடவே எண்ணுவாள். கண்ணைத் திறந்துவிடாமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி அது.

22ஆம் சிட்டிங் முடிந்த அன்று நோட்டில் எழுதியிருக்கிறேன்: "இமையின் ஓரத்தில் நிறம்." 31ஆம் சிட்டிங்: "முழங்காலில் கறுப்புப் புள்ளிகள், ஏழு." மிளகைத் தூவியது போல வெள்ளைக்கு நடுவே சின்னச் சின்னப் புள்ளிகள். ஏன் புள்ளியாக வருகிறது என்று மருத்துவரிடம் கேட்டேன். மயிர்க்கால்களின் அடியில் நிறச் செல்களின் விதைகள் மிச்சம் இருக்கின்றன. நிறச் செல்களைத் தாக்குகிற எதிர்ப்பு அணுக்களை இந்த ஒளி அடக்கிவிட்டு, அந்த விதைகளை எழுப்பி மேலே ஏறி வரச் செய்கிறது. அதனால்தான் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் புள்ளி வைத்தாற்போல நிறம் திரும்புகிறது என்றார். விரல் நுனியில் மயிர்க்கால் இல்லை, அங்கே அதிகம் எதிர்பார்க்காதீர்கள் என்றும் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அன்று இரவு மகள் விளக்கைப் போட்டு வைத்துக்கொண்டு முழங்காலில் புள்ளிகளை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

41ஆம் சிட்டிங்குக்குப் பிறகு கதவில் தாள்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். வெண்புள்ளிக்கு இந்தச் சிகிச்சை எப்படித் தர வேண்டும் என்று 2017ல் வெளியான நிபுணர் குழுப் பரிந்துரையில், 72 சிட்டிங் வரை பார்க்காமல் ஒருவருக்கு இது பலன் தரவில்லை என்ற முடிவுக்கு வரக் கூடாது என்று இருக்கிறது. இடையில் விட்டுப்போனால் என்ன செய்வது என்பதும் அதிலேயே உண்டு. ஒரு வாரம் வரை விட்டால் அதே அளவு. இரண்டாவது வாரம் ஆகிவிட்டால் கால் பங்கு குறைக்க வேண்டும். மூன்றாவது வாரம் என்றால் பாதி. மூன்று வாரத்தைத் தாண்டினால் தொடங்கிய அளவுக்கே திரும்ப வேண்டும். 25 நாள் ஆகிவிட்டது. நீங்கள் நாளைக் காலையே கதவைத் திறந்தாலும் என் மகள் மறுபடி 200 மில்லிஜூலிலிருந்துதான் ஏற வேண்டும். நான்கு மாதம் படிப்படியாக ஏறிய அளவை இரண்டு வரித் தாள் அழித்துவிட்டது. ஒரு வாரம் முன்னதாகச் சொல்லியிருந்தால் வேறிடம் பார்த்திருப்போம். முந்தின நாள் மாலைகூட யாரும் சொல்லவில்லை. டெக்னீஷியன் அம்மாவுக்கே காலையில் வந்து தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "அதுவும் லைட் ட்ரீட்மென்ட்தான், இதுவும் லைட் ட்ரீட்மென்ட்தான்மா. இது புது மெஷின். அங்கே போய்ப் பாருங்க" என்றார். மகளையும் கூட்டிக்கொண்டு லேசர் பிரிவுக்குப் போனேன். அங்கே மருத்துவர் இல்லை. சீருடை அணிந்த ஓர் இளம்பெண் மகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மத்த இடத்தையும் கொஞ்சம் கொஞ்சமா லைட் பண்ணிட்டா வித்தியாசம் தெரியாது மேடம்" என்றார்.

பேருந்து நிறுத்தம் வரை மகள் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்போ நல்லா இருக்கிற தோல்தான் தப்பாம்மா?"

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு எதை விற்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்களோ அதைச் சொன்னார். வெண்புள்ளி உடலின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்ட பெரியவர்கள் சிலர், நன்கு யோசித்து, மருத்துவர் மேற்பார்வையில், மிச்சமிருக்கும் நிறத்தையும் நீக்கிக்கொள்வது உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அது பெரும்பாலும் திரும்ப முடியாத முடிவு. அதை 11 வயதுப் பிள்ளையிடம், புள்ளி புள்ளியாக நிறம் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளையிடம், மருத்துவர் அல்லாத ஒருவர் ஒரு நிமிடத்தில் சொல்லும்படி ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருப்பவர்கள் நீங்கள்தான்.

இரண்டும் வெளிச்சம்தானே என்ற அந்தப் பேச்சுக்கு வருகிறேன். அதிகாரி மட்டும் சொல்வதல்ல இது. உங்கள் தாளும் அதைத்தான் சொல்கிறது.

கத்தியும் ஊசியும் இரும்புதான். முடி நீக்கவும் நிறம் குறைக்கவும் நீங்கள் வாங்கி வைத்திருக்கும் லேசர்களின் அடிப்படை, 1983ல் ஆண்டர்சன், பாரிஷ் இருவரும் எழுதிய ஒரு கருத்து. ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை விரும்பி உறிஞ்சும் பொருள் தோலுக்குள் இருந்தால், மிகக் குறைந்த நேரத்துக்குள் அந்த ஒளியைச் செலுத்தி, சுற்றியுள்ளதைச் சுடாமல் அதை மட்டும் சூடாக்கி அழிக்கலாம். முடி நீக்கும்போது அந்தப் பொருள் மயிரில் உள்ள மெலனின் என்ற நிறப்பொருள். அலெக்சாண்ட்ரைட் லேசர் 755 நானோமீட்டர், டயோடு 810, என்டி யாக் 1064. மூன்றும் மெலனினைத் தேடிப் போகிற ஒளி. இந்த பாரிஷ், 1981 ஆய்வில் மேலே சொன்ன அதே பாரிஷ்தான். ஒரே மனிதர் இரண்டு வேறு வேலைக்காக இரண்டு வேறு ஒளியை ஆராய்ந்தார். அவரே இரண்டையும் ஒன்றாக்கவில்லை.

என் மகளின் தோலில் நடப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பூட்டிய அறையின் ஒளி மெலனின் இல்லாத இடத்தில் அதை உண்டாக்கப் பார்க்கிறது. புதிய அறையின் ஒளி மெலனின் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சுடுகிறது. ஒன்று விதைப்பது, மற்றது அறுப்பது. வெள்ளைத் திட்டில் அந்த லேசருக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. சுற்றியுள்ள கருந்தோல்தான் அதை வாங்கிக்கொள்ளும். அளவு தப்பினால் அங்கே புண். வெண்புள்ளி உள்ளவர்களுக்குப் புண் பட்ட இடத்திலெல்லாம் புதிய வெள்ளை வரக்கூடும். கெப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே சொரியாசிஸில் இதைக் கவனித்துச் சொன்னார், அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். எனக்குப் புத்தகம் தேவையில்லை. மகள் சைக்கிளில் விழுந்து முழங்கை சிராய்த்த இடத்தில், சிராய்ப்பின் அதே வடிவத்தில் வெள்ளை வந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

லேசர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் அக்கா மகனுக்குப் பிறக்கும்போதே கன்னத்தில் திராட்சை நிறத் திட்டு இருந்தது. இரத்தக் குழாய்களை மட்டும் குறிவைக்கும் 595 நானோமீட்டர் டை லேசரில் பல தடவைக்குப் பிறகு அது பாதிக்கு மேல் வெளுத்தது. அந்தக் குழந்தைக்கு அது பெரிய வரம். வெண்புள்ளிக்கே லேசர் உண்டு: எக்ஸைமர் என்பது 308 நானோமீட்டர் ஒளி, பூட்டிய அறையின் ஒளிக்கு நெருங்கிய உறவு. சிறிய திட்டுகளுக்கு மிக நன்றாகப் பயன்படும். ஆனால் ஒரு நேரத்தில் ஓரிரு சென்டிமீட்டர் இடத்தில்தான் படும். இரண்டு முழங்கால், இரண்டு முழங்கை, இமை என்று பரவியவளுக்கு அதை வைத்து முடிக்க வாரத்தில் நாள் போதாது. முதுகும் வயிறும் முழுக்கச் சொரியாசிஸ் உள்ளவருக்கு அது கணக்கிலேயே வராது. அதுவும் போகட்டும். உங்கள் புதிய பிரிவில் எக்ஸைமர் இருக்கிறதா என்று கேட்டேன். அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள்.

பெஞ்சில் என்னோடு உட்கார்ந்தவர்களைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூடும்போது அவர்கள் வெறும் வருகை எண்ணாகத்தான் உங்கள் முன் வந்திருப்பார்கள்.

ஐந்தாம் மாதக் கர்ப்பிணி ஒருவர் வருவார். உடம்பெல்லாம் சொரியாசிஸ். அந்த நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கருவைச் சிதைக்கும் என்பதால் தொடவே கூடாது. கர்ப்ப காலத்தில் பாதுகாப்பாகத் தரக்கூடியவற்றில் இந்த ஒளி முக்கியமானது. ஃபோலிக் அமிலத்தை விடாமல் சாப்பிடச் சொல்வார்கள். அவர் இப்போது என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருக்கு இருந்தது சொரியாசிஸும் அல்ல, வெண்புள்ளியும் அல்ல. தோலில் தொடங்குகிற ஒருவகை லிம்போமா, புற்று. ஆரம்ப நிலையில் இருப்பதால் இந்த ஒளியிலேயே அடக்கி வைத்திருந்தார்கள். என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். "எனக்கு இது அழகுக்கு இல்லைம்மா, உயிருக்கு" என்று ஒரு நாள் மெதுவாகச் சொன்னார். அவரையும் முடி நீக்கும் பிரிவுக்குத்தான் அனுப்பியிருக்கிறது உங்கள் தாள்.

அந்தப் பெஞ்சுக்கு வந்த ஒரு கல்லூரி மாணவியையும் மறக்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் வரிசையாகச் செவ்வகங்கள், கோடு போட்டு வரைந்தாற்போல. ஓர் அழகு நிலையத்தில் ஐபிஎல் என்ற கருவியால் முடி எடுத்ததில் சுட்டது. கருவியின் முனை எந்த வடிவமோ அதே வடிவத்தில் தழும்பு. ஐபிஎல் லேசரே அல்ல. பல அலைநீளங்கள் கலந்து பாயும் பளிச்சொளி. தோல் கறுக்கக் கறுக்க மேல்தோலில் உள்ள மெலனினே அதைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும், சுடும். கருந்தோலுக்கு 1064 போன்ற நீண்ட அலைநீளம்தான் ஓரளவு பாதுகாப்பு, காரணம் மேலே உள்ள மெலனின் அதைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. முதலில் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்து, சில நாள் காத்திருந்து, பிறகுதான் மற்ற இடத்துக்குப் போக வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இதில் எதுவும் செய்யப்படவில்லை. அது உங்கள் இடத்தில் நடந்தது அல்ல. ஆனால் மருத்துவர் இல்லாத உங்கள் புதிய அறையைப் பார்த்த அன்று எனக்கு அந்தச் செவ்வகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

வருகை குறைந்துவிட்டது என்று அதிகாரி சொன்னார். உண்மைதான், குறைந்தது. முன்பு காலையும் மாலையும் திறந்திருந்த அறையைச் சென்ற ஆண்டு காலை 10 மணி முதல் 12 மணி வரை என்று சுருக்கினீர்கள். வாரத்துக்கு மூன்று நாள், மாதக்கணக்கில், வேலை நேரத்தின் நடுவில் வரச் சொன்னால் எத்தனை பேரால் வர முடியும்? என் மகள் 41 சிட்டிங்குக்காக விட்ட வகுப்புகளை ஆசிரியர்கள் பொறுத்துக்கொண்டார்கள். கூலி வேலைக்குப் போகிறவரை யார் பொறுத்துக்கொள்வார்கள்? கூண்டில் ஏழு குழல்கள் எரியாமல் கிடந்தன. மகளே எண்ணிச் சொன்னாள். இந்தக் குழல்கள் சில நூறு மணி நேரம் எரிந்தால் வீரியம் குறையத் தொடங்கும், மீட்டர் வைத்து அளந்து நேரத்தைத் திருத்த வேண்டும், ஒரு கட்டத்தில் மாற்றியே தீர வேண்டும். மாற்றவில்லை. நேரம் கூடக் கூட வரிசை நகரவில்லை. பொறுக்க முடியாமல் ஆட்கள் நின்றுபோனார்கள். வர முடியாதபடி செய்துவிட்டு, வரவில்லை என்று மூடியிருக்கிறீர்கள்.

வெயிலில் நிற்க வையுங்கள், அதிலும் இதே கதிர்தானே என்று சொன்னவர்களும் உண்டு. கார்போகரிசியைப் பூசி வெயிலில் நிற்கச் செய்வது நம் மருத்துவத்தில் வெகுகாலமாக இருந்தது. அந்த விதையில் உள்ள சோராலென் தோலை ஒளிக்கு அதிகம் எதிர்வினை காட்டச் செய்யும் என்பது பின்னால் தெரிந்தது. 1970களில் அதையே மாத்திரையாகக் கொடுத்து, அலைநீளம் கூடிய புற ஊதா ஏ கதிரோடு சேர்த்தார்கள். பலன் இருந்தது. பல நூறு தடவை எடுத்துக்கொண்டவர்களுக்குத் தோல் புற்று அபாயம் கூடியதும் நீண்டகால ஆய்வுகளில் தெரியவந்தது. ஒளியும் மருந்துதான், மருந்துக்கு அளவு வேண்டும் என்பதை இந்தத் துறை பட்டுத் தெரிந்துகொண்டது. வெயிலுக்கு யார் அளவு போடுவது? வெள்ளைத் திட்டு நிமிடங்களில் கொப்பளிக்கும், சுற்றியுள்ள தோல் இன்னும் கறுத்து வித்தியாசம் கூடும். தோல் காசநோயை ஒளியால் ஆற்றியதற்காக 1903ல் நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் ஃபின்சென்கூட நோயாளிகளை வெறும் வெயிலில் நிறுத்திவிடவில்லை. வில்லைகள் வைத்து ஒளியைக் குவித்தார், வெப்பத்தை வடிகட்டினார், தோலைக் குளிர்வித்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்தில் ஒரு செவிலியர் இருந்தார்.

புதிய களிம்பு இருக்கிறதே என்றும் கேட்கலாம். ருக்ஸோலிடினிப் களிம்புக்கு அமெரிக்காவில் 2022ல் வெண்புள்ளிக்காக அனுமதி கிடைத்தபோது அது 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான். என் மகளுக்கு 11.

இனி நான் உங்களிடம் கேட்பவை.

ஒளி சிகிச்சை அறையை இந்த மாத முடிவுக்குள் திறக்க வேண்டும். எரியாத குழல்களை மாற்றி, மீட்டரால் அளந்து, அளந்த தேதியைக் கதவில் ஒட்ட வேண்டும். மாலையில் இரண்டு மணி நேரமாவது அறை இயங்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது இல்லாமல் இந்தச் சிகிச்சை இல்லை. அந்த டெக்னீஷியன் அம்மாவை அதே அறைக்குத் திரும்ப அனுப்புங்கள். இப்போது அவரைப் பதிவு அறையில் சீட்டு எழுத வைத்திருக்கிறீர்கள்.

அதுவரை, நடுவில் நின்றுபோன ஒவ்வொருவரையும் நீங்களே தொலைபேசியில் அழைத்து, எந்த இடத்தில் தொடரலாம் என்று சொல்ல வேண்டும். அவரவர் அளவுக் குறிப்பின் நகலைக் கையில் கொடுக்க வேண்டும். என்னிடம் நோட்டு இருக்கிறது. பெஞ்சில் இருந்த பெரும்பாலோரிடம் இல்லை. கர்ப்பிணியையும் அந்த ஆசிரியரையும் முதலில் அழையுங்கள். கையடக்க ஒளிக் கருவிகளை மருத்துவர் மேற்பார்வையில் வீட்டுக்குக் கொடுக்கும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது, திட்டுகள் குறைவாக உள்ளவர்களுக்கு அதை யோசியுங்கள்.

லேசர் பிரிவில் தோல் மருத்துவர் பார்க்காமல் யாருக்கும் எதுவும் செய்யக் கூடாது, எதையும் பரிந்துரைக்கவும் கூடாது. சோதனைப் புள்ளி வைக்காமல் ஒருவர் தோலையும் தொடக் கூடாது. வெண்புள்ளி, சொரியாசிஸ் உள்ளவர்களுக்குப் புண்ணால் நோய் பரவும் அபாயத்தை அவர்கள் மொழியில், எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். பிள்ளைகளிடம் நிறத்தைக் குறைப்பது பற்றி அங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது.

கதவில் உள்ள தாளின் இரண்டாவது வரியை இன்றே எடுத்துவிடுங்கள். அதற்கு நிதி தேவையில்லை. சீட்டில் குத்தும் முத்திரையில் "வெண்புள்ளி" என்று மாற்றுங்கள்.

மூடும் முடிவு எந்தக் கூட்டத்தில், எந்தத் தோல் மருத்துவரின் கருத்தைக் கேட்டு எடுக்கப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த முறை இந்த அறையைப் பற்றி முடிவெடுக்க உட்காரும்போது பெஞ்சிலிருந்து இரண்டு பேரை அழையுங்கள். வர நாங்கள் தயார். பதிலை 15 நாளுக்குள் எதிர்பார்க்கிறேன். என் மகளின் புறநோயாளி எண் உங்கள் அலுவலகத்தில் நான் கொடுத்த மனுவில் இருக்கிறது.

இப்படிக்கு,
41ஆம் சிட்டிங்கோடு நிறுத்தப்பட்ட ஒரு சிறுமியின் தாய்